கோட்டிங் போட்டால் போதுமா?

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம், எங்கள் தெரு டீச்சரம்மா கையில் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். காரை சர்வீஸுக்கு விட்ட இடத்தில் கொடுத்த மதிப்பீடு. "செராமிக் கோட்டிங், 5 வருஷ உத்தரவாதம், 38,000 ரூபாய்" என்று அச்சடித்திருந்தது.

"சார், நீங்க ஹார்பர்ல பெயின்ட் வேலையெல்லாம் பாத்தவங்க. இதைப் போட்டா உப்புக்காத்து ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லுதாங்க. அவங்க ஆசையா வாங்குன வண்டி. கெட்டுப்போகாம வச்சிருக்கணும்னு பாக்கேன். போடலாமா?"

'அவங்க' என்றது மூன்று வருஷத்துக்கு முன் காலமான அவர் கணவரை.

"வேண்டாம் டீச்சர்" என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். காப்பி ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு மனசு சரியில்லை. இதே விஷயத்தை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாமல் இருந்தவன் நான். அதையும் சேர்த்து இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி மாதிரி வெயிலும் உப்பும் சேர்ந்த ஊரில் காருக்கு மெழுகோ சீலன்ட்டோ கட்டாயம் போட வேண்டும். ஆனால் அதை நம் கையால் போட வேண்டும். காசு கொடுத்து ஒரே தடவையில் முடித்துவிட்டு மறந்துபோகிற எந்தக் கோட்டிங்கும் நம்மைப் போன்றவர்களுக்கு நஷ்டம்தான். கோட்டிங் பொய் என்பதால் அல்ல, அது நம்மை மறக்க வைக்கிறது என்பதால்.

2014ல் நான் ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினேன். வாழ்க்கையில் முதன்முதலாக வாங்கிய புது வண்டி. அநேகமாகக் கடைசி வண்டியும் அதுதான். சாவியைக் கையில் தருவதற்கு முன் ஷோரூம் பையன் ஒரு பட்டியலை நீட்டினான். டெஃப்லான் கோட்டிங், அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சு, சீட்டுக்கு ஒரு பூச்சு, எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். "கடற்கரை ஊர் சார், இது இல்லாம வண்டி எடுக்காதீங்க" என்றான். புது வண்டி வாங்குகிற மயக்கத்தில் இருந்தேன். கையெழுத்துப் போட்டேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், துறைமுகத்தில் பராமரிப்புப் பிரிவில் 31 வருஷம் துருவோடு மல்லுக்கட்டியவன் நான். கிரேன், தண்டவாளம், தண்ணீர்க் குழாய் என்று கடல் பக்கம் நிற்கிற எந்த இரும்புக்கும் ஒரு தடவை பெயின்ட் அடித்துவிட்டு ஐந்து வருஷம் திரும்பிப் பார்க்காமல் நாங்கள் இருந்ததே கிடையாது. ஒரு பக்கம் சுரண்டி பிரைமர் அடித்து முடிப்பதற்குள் மறுபக்கம் கொப்புளம் கட்டியிருக்கும். கப்பலில் வருகிற மாலுமிகளும் அப்படித்தான். நங்கூரம் போட்டு நிற்கிற நாளெல்லாம் கையில் சுத்தியலும் பிரஷ்ஷுமாக அலைவார்கள். இதையெல்லாம் தினமும் பார்த்தவன், சொந்தக் காருக்கு மட்டும் ஒரு பூச்சு ஐந்து வருஷம் தாங்கும் என்று நம்பினேன்.

நம்பியதோடு நிற்கவில்லை. என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் அதே வருஷம் கார் வாங்கினார். அவர் வீடு கடற்கரைச் சாலைக்குப் பக்கம். "என்னவே, இந்தக் கோட்டிங்லாம் தேவையா?" என்று என்னிடம் கேட்டார். "கண்டிப்பாப் போடும்வே" என்றேன். அவரும் கட்டினார்.

மூன்று வருஷம் கழித்து, 2017ல் ஒரு நாள். மகளை ரயிலேற்ற ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வண்டி தாமதம். டாக்ஸி ஸ்டாண்டில் ஒரு பழைய அம்பாசிடர் நின்றது. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. முகம் பார்க்கலாம் போல இருந்தது. டிரைவர் அண்ணாச்சிக்கு அப்போதே அறுபது தாண்டியிருக்கும். "அண்ணாச்சி, என்ன போடுதீக?" என்று பேச்சுக் கொடுத்தேன். "மெழுகுதான் சார். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா நானே போடுவேன்" என்றார்.

பிறகு என் காரைச் சுற்றி வந்தார். கூரையைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து கதவின் அடி விளிம்பைத் தடவினார்.

"சார், இதுல ஓட்டை இருக்கும், பாத்திருக்கீகளா?"

பார்த்ததில்லை. பக்கத்தில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி அந்த ஓட்டையில் குத்தினார். கறுப்பாகச் சேறு கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கடைசி மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. அத்தனை நாளும் அந்தத் தண்ணீர் கதவுக்குள்ளேயே நின்றிருக்கிறது.

"மேல என்ன போட்டா என்ன சார், இது அடைச்சா உள்ள இருந்து அரிச்சுரும். மெழுகு போடும்போது கை எல்லா இடத்துக்கும் போகும்லா, அப்ப இதெல்லாம் தெரிஞ்சுரும்."

அன்றைக்கு அந்த மனிதர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். மற்றதெல்லாம் விளக்கம்.

வீட்டுக்கு வந்து கோட்டிங் உத்தரவாதச் சீட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டி முத்திரை வாங்கியிருக்க வேண்டும். பறவை எச்சம், தண்ணீர்க் கறை, கல் பட்ட காயம், துரு எதற்கும் பொறுப்பில்லை. மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது கொஞ்சம் விஷயத்துக்கு வருவோம்.

நம் காலத்து அம்பாசிடர், ஃபியட் வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பெயின்ட்டில் இருந்தன. வெயிலில் அது வெளிறி, சுண்ணாம்பு மாதிரி மேலே பூத்துவிடும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் வண்டியின் நிறம் வரும். உள்ளேயிருந்து புது நிறம் தெரியும். பெயின்ட்டும் தடிமனாக இருந்ததால் பல வருஷம் அப்படித் தேய்த்துக்கொண்டிருக்க முடிந்தது.

இப்போதைய கார்கள் வேறு. முதலில் வண்டியின் கூட்டை அப்படியே ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் செலுத்தி ஒரு துருத்தடுப்புப் பூச்சை மூலைமுடுக்கெல்லாம் ஏற்றுகிறார்கள். அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி மாதிரி நிறமில்லாத கிளியர் கோட். இந்தக் கிளியர் கோட்டின் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்று கிட்டத்தட்ட 70 மைக்ரான் இருக்கும். அதாவது வெயில், மழை, காகம் எல்லாவற்றையும் தாங்கி நிற்பது ஒரு முடியைவிட மெல்லிய தோல்.

இதனால்தான் பாலிஷும் மெழுகும் ஒன்றல்ல என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பேச்சுவழக்கில் இரண்டையும் 'பாலிஷ் போடுவது' என்கிறோம். ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ் என்பவை தேய்த்து எடுப்பவை. ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய தோலில் கொஞ்சம் போய்விடும். மெழுகும் சீலன்ட்டும் மேலே சேர்ப்பவை. தீபாவளிக்குத் தீபாவளி மிஷின் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருகிறவரிடம் வண்டியைக் கொடுப்பது, வருஷா வருஷம் தோலை உரிக்கக் கொடுப்பது மாதிரி.

நம் ஊரில் அந்தத் தோலுக்கு எதிரிகள் யார் யார்?

முதல் எதிரி வெயில். சித்திரை, வைகாசியில் வெட்டவெளியில் நிற்கும் கறுப்புக் காரின் பானெட் 70 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர்தான் வருஷக்கணக்கில் கிளியர் கோட்டைச் சிதைத்துப் படலம் படலமாக உரியவைக்கிறது. ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இதற்கு எந்த மெழுகும் பெரிய தடை இல்லை. நிழல்தான் மருந்து. கோட்டிங்குக்குக் கொடுக்கிற காசில் வீட்டு வாசலில் ஒரு தகரக் கூரையோ ஓலைப் பந்தலோ போட்டால் அது நூறு மடங்கு பலன்.

இரண்டாவது உப்பு. உப்பு நேரடியாகக் கிளியர் கோட்டைத் தின்பதில்லை. அது இடுக்கு தேடிப் போகிறது. கல் பட்டுச் சிதறிய புள்ளி, கதவின் அடி மடிப்பு, சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவின் உள்பக்கம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நசநசவென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். கடலோர ஊரில் இரவு நேரத்தில் காருக்கு மேலும் உள்ளும் அதுதான் நடக்கிறது. 'வண்டி வீட்டுக்குள்தானே நிற்கிறது' என்று கழுவாமல் விட்டால், நிற்கிற இடத்திலேயே அரிக்கும்.

மூன்றாவது நம் போர் தண்ணீர். கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை. அது தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து. புதிதாக இருக்கும்போது வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசினால் போகும். மாதக்கணக்கில் விட்டால் தோலில் பள்ளம் விழுந்துவிடும். பிறகு தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

நான்காவது காகம். எச்சத்தில் வெள்ளையாக இருப்பது யூரிக் அமிலம். வெயிலில் பெயின்ட் சூடாகி இளகியிருக்கும்போது அது காய்ந்தால், ஒரு நாளிலேயே தழும்பு விழும். நிழலுக்காக வேப்பமரத்தடியில் விடுகிறோம், மேலே காகம் உட்கார்ந்திருக்கிறது. இதற்கு மெழுகு உதவும். எச்சத்துக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய படலம் இருப்பதால் நமக்குச் சில மணி நேரம் அவகாசம் கிடைக்கிறது. அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் நாம் துடைத்தாக வேண்டும். அதுவும் காய்ந்ததைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைப் பத்து நிமிஷம் மேலே போட்டு ஊறவைத்து, அப்படியே ஒற்றி எடுக்க வேண்டும்.

ஐந்தாவது, ஆனி ஆடிக் காற்றில் வரும் மண். இதில் எதிரி மண் இல்லை, நாம்தான். மண் படிந்த வண்டியைக் காய்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். கார் கவரும் அப்படியே. தூசி மேல் கவரைப் போட்டு, அது காற்றில் நாள் முழுக்கப் படபடத்தால் கீறல் விழும். ஈரமான வண்டி மேல் போட்டால் உப்பையும் ஈரத்தையும் உள்ளே மூடிவைத்த மாதிரி ஆகும்.

சரி, எதைப் போடுவது?

நல்ல கார் மெழுகுகளில் கார்னோபா என்ற பொருள் இருக்கும். பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை மரத்தின் ஓலையிலிருந்து எடுப்பது. நம் பனை மாதிரியே விசிறி ஓலை உள்ள மரம். வறண்ட காலத்தில் ஓலையிலிருந்து ஈரம் போய்விடாமல் இருக்க அந்த மரமே மேலே மெழுகு பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து, அந்தப் பொடியைத் தட்டி எடுத்து உருக்குகிறார்கள். 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானது. கார்களுக்கு மட்டுமல்ல, மாத்திரைக்கும் மிட்டாய்க்கும்கூட மேல் பளபளப்புக்கு இதைத்தான் பூசுகிறார்கள்.

சீலன்ட் என்பது தொழிற்சாலையில் செய்த பாலிமர். மெழுகு அளவுக்கு ஆழமான பளபளப்பு வராது என்பார்கள். என் வெள்ளைக் காரில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நீடிப்பதில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. நம் ஊர் வெயிலில் மெழுகு எனக்கு ஆறேழு வாரம்தான் நின்றது. சீலன்ட் நான்கு மாதம் நிற்கிறது. தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடினால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். தகடாகப் பரவி நின்றால் தீர்ந்துவிட்டது.

எனக்கு விற்ற டெஃப்லானைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோசைக்கல்லில் டெஃப்லானை ஒட்டவைக்க 300 டிகிரிக்கு மேல் உலையில் வேகவைக்கிறார்கள். காரை அப்படி வேகவைக்க முடியாது. கையால் தடவிய டெஃப்லான் பாலிஷ், பெயரில்தான் டெஃப்லான்.

இப்போதைய செராமிக் கோட்டிங் அந்த மாதிரி ஏமாற்று இல்லை. சிலிக்கான் சேர்ந்த திரவம் பெயின்ட்டோடு இறுகி ஒட்டிக்கொள்கிறது. மெழுகைவிடப் பல மடங்கு நாள் தாங்கும். அழுக்கு எளிதில் போகும். ஆனால் விளம்பரத்தில் வரும் '9எச் கடினம்' என்பதைப் பார்த்து வைரம் என்று நினைத்துவிடாதீர்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையில் வரும் அளவு. நாம் படம் வரைய வாங்குவோமே எச்பி, 2எச், அந்த வரிசையில் 9எச் பென்சில். கல் பட்டால் கோட்டிங்கும் போகும், பெயின்ட்டும் போகும். போர் தண்ணீர்க் கறை அதன் மேலும் பிடிக்கும். அதற்கும் வாராவாரம் கழுவல் வேண்டும். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டி, கையில் நேரமில்லாமல், நன்றாகக் கழுவிக் கொடுக்க ஆள் வைத்திருக்கிற இளைஞருக்கு அது நல்ல பொருள்தான். மாதத்துக்கு நானூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு வாசலில் நிற்கிற பென்ஷன்காரர் காருக்கு 38,000 ரூபாய் எதற்கு?

நான் செய்வது இதுதான். வருஷத்துக்கு மூன்று தடவை: மழை முடிந்து தையில், காற்றுக்காலம் தொடங்கும் முன் வைகாசியில், மழைக்கு முன் புரட்டாசியில்.

காலை ஏழு மணிக்கு முன், நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது தொடங்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி, சக்கர வளைவுக்குள்ளும் கீழ் விளிம்பிலும் உள்ள மண்ணை இறக்கிவிடுவேன். பிறகு கார் ஷாம்பூ. துணி துவைக்கும் தூள் கூடாது, பாத்திர சோப்பும் கூடாது. அவை இருக்கிற மெழுகையும் கழுவி எடுத்துவிடும். இரண்டு வாளி வைத்துக்கொள்வேன், ஒன்று ஷாம்பூவுக்கு, ஒன்று துணியை அலசுவதற்கு. கடைசி அலசல் மட்டும் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரில். இரண்டு குடம் போதும். அதைக் காயவிடாமல் உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுவேன்.

பிறகு ஒரு பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு தெரியும். அப்படி இருந்தால் கிளே பார் என்று ஒரு களிமண் உருண்டை விற்கிறார்கள். ஷாம்பூத் தண்ணீர் தெளித்து மெதுவாகத் தேய்த்தால் எடுத்துவிடும்.

அடுத்து சீலன்ட். எட்டணா அளவுக்குப் பஞ்சில் எடுத்து ஒரு கதவு, பிறகு அடுத்த கதவு என்று பகுதி பகுதியாக மெல்லப் பூசவேண்டும். அதிகம் போட்டால் அதிகப் பாதுகாப்பு இல்லை, துடைப்பதுதான் கஷ்டம். மங்கலாகப் படிந்ததும் வேறு துணியால் துடைத்துவிட வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளைக் கறை போகவே போகாது.

கடைசியாக முக்கியமான வேலை. கதவுகளின் அடி ஓட்டைகள், பானெட்டைத் திறந்தால் கண்ணாடிக்குக் கீழே இலை சேரும் இடம், டிக்கி ரப்பரின் அடிப்பக்கம், எல்லாவற்றையும் ஈர்க்குச்சியும் ஈரத்துணியும் வைத்துச் சுத்தம் செய்வேன். கல் பட்ட புள்ளி இருந்தால், வண்டியில் ஒட்டியிருக்கும் நிற எண்ணைச் சொல்லி வாங்கிய சின்ன பாட்டில் பெயின்ட்டைத் தீக்குச்சி முனையால் தொட்டுவைப்பேன்.

மொத்தம் மூன்று மணி நேரம், நடுவில் ஒரு காப்பியோடு. சீலன்ட் பாட்டில் 650 ரூபாய், இரண்டு வருஷம் வந்தது. ஷாம்பூ, துணி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் ஆகாது.

"வயசான காலத்தில் குனிந்து நிமிர முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயம்தான். எனக்கும் முட்டி வலி உண்டு. ஒரு நாளைக்குப் பாதி வண்டி செய்தால் போதும். அல்லது கழுவுகிற பையனுக்கு இருநூறு ரூபாய் கூடக் கொடுத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். "கார் வெறும் மிஷின், அதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்பாரும் உண்டு. அவர்களுக்கு ஒன்று. 15 வருஷம் முடிந்தால் எஃப்.சி. காட்டித்தான் இன்னும் 5 வருஷம் ஓட்ட முடியும். இன்ஜினை மாற்றலாம், அரித்துப்போன கூட்டை மாற்ற முடியாது. நம்மில் பலருக்கு இன்னொரு கார் வாங்குகிற வயதும் இல்லை, வசதியும் இல்லை.

இப்போது நண்பர் கதைக்கு வருகிறேன்.

டாக்ஸி ஸ்டாண்ட் அண்ணாச்சி ஈர்க்குச்சியால் குத்திக் காட்டிய அன்றைக்கே நான் நண்பர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. 'நீர் சொன்ன கோட்டிங் ஒண்ணுத்துக்கும் ஆகலையே' என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது அப்படியே போய்விட்டது. என் காரை மட்டும் நான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன்.

2021ல் அவர் காரின் இடதுபக்கக் கதவுகள் இரண்டிலும் அடியில் பெயின்ட் கொப்புளம் கட்டியது. சாவியால் அழுத்தினார், சாவி உள்ளே போய்விட்டது. கீழ் விளிம்பும் அரித்திருந்தது. மேலே பார்த்தால் வண்டி பளபளவென்றுதான் இருந்தது. டிங்கரிங், பெயின்டிங் சேர்த்து 42,000 கேட்டார்கள். அந்த நேரம் அவர் வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல், வாரம் ஒரு முறை பாளையங்கோட்டைக்குச் சிகிச்சைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். கையில் இருந்த பணமெல்லாம் அதற்கே போனது. வந்த விலைக்கு வண்டியைக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு அந்தச் சுமார் 50 கிலோமீட்டரும் பஸ், இல்லையென்றால் வாடகைக் கார்.

விஷயத்தைச் சொல்லும்போது கோபமாகச் சொல்லவில்லை. "நீரு சொன்னீருன்னுதானவே போட்டேன்" என்றார், சிரித்துக்கொண்டே. அப்போதும் நான் 2017ல் தெரிந்துகொண்டதைச் சொல்லவில்லை.

டீச்சரம்மா வந்துபோன மறுநாள் அவருக்கு ஃபோன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது போட்டும்வே. அந்த டீச்சரம்மா வண்டி கதவைக் குத்திப் பாத்தீரா?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தோம். நான்கு கதவில் ஒன்று அடைத்திருந்தது. ஈர்க்குச்சி போட்டதும் தண்ணீர் இறங்கியது. துரு இன்னும் பிடிக்கவில்லை. டீச்சரின் பேரன்தான் சீலன்ட் போட்டான். அவன் தாத்தா உட்காரும் பக்கத்துக் கதவை இரண்டு தடவை துடைத்தான்.

உங்கள் வண்டிக் கதவின் அடி ஓட்டையை நாளைக் காலை ஒரு தடவை குத்திப் பாருங்கள். மெழுகு டப்பா வாங்குவதை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.